தவில் காத்திருக்கும் இடம்: டர்பனில் ஒரு காவடிக் குழுவின் இரண்டு பதிவுகள்

2023ஆம் ஆண்டு சித்ரா பௌர்ணமிக்கு இரண்டு வாரம் முன்பு, தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த் பகுதியில் ஒரு முருகன் கோயில் முற்றத்தில் எங்கள் ஒலிப்பதிவை முதன்முறையாக ஒலிபெருக்கியில் போட்டோம். விரதமிருந்த பதினைந்து பேர் அலங்காரம் இல்லாத வெறும் காவடிகளைத் தோளில் ஏற்றிக்கொண்டு ஆடிப் பழக நின்றார்கள். பாட்டு கண்ணாடிபோல் தெளிவாக இருந்தது. ஒவ்வொரு சொல்லும் கேட்டது. தவிலின் வலப்பக்கத் தோலான வலந்தலை ஒருபுறமும் இடப்பக்கத் தோலான தொப்பி ஒருபுறமும் பிரிந்து ஒலித்தன. மூன்றாவது நிமிடத்தில் ஆட்டம் நின்றுவிட்டது. யாரும் குறை சொல்லவில்லை, முகம் சுளிக்கவில்லை. கால்கள் நின்றுவிட்டன, அவ்வளவுதான். ஒரு பெரியவர் காவடியை இறக்கிச் சுவரில் சாய்த்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனார்.

அந்தப் பதிவைச் செய்தவன் நான். அதற்கு ஏழு நாள், இருபத்திரண்டு மணி நேரம் ஸ்டுடியோவில் செலவழித்திருந்தோம். அது ஏன் காலைப் பிடிக்கவில்லை, அதற்கு அடுத்து என்ன செய்தோம், எதைத் திருத்த முடிந்தது, எதைத் திருத்த முடியவில்லை என்பதை விவரமாக எழுதிவைக்கிறேன். கோயில் குழுக்களின் பாட்டைப் பதிவுசெய்யும் எவருக்கும் இதே கேள்வி வரும்: எல்லாரையும் ஒரே இடத்தில் உட்காரவைத்து ஒரே மூச்சில் எடுப்பதா, ஒவ்வொருவராக எடுத்து அடுக்குவதா?

குழுவும் கேட்டதும்

குழுவில் பன்னிரண்டு பேர். ஒரு நாகஸ்வரம், இரண்டு தவில், ஒரு உடுக்கை, ஒரு ஆர்மோனியம், ஒரு கீபோர்டு, முன்பாட்டுக்கு எழுபத்தொரு வயதான ஓர் அம்மா, பின்பாட்டுக்கு ஐந்து பேர். தைப்பூசத்துக்கும் சித்ரா பௌர்ணமிக்கும் ஆடி மாதக் கூழ் பூசைக்கும் பாடுகிறவர்கள். யாருக்கும் இது தொழில் அல்ல. தவில்காரர்களில் ஒருவர் மின்வேலை செய்கிறவர், இன்னொருவர் பள்ளி ஆசிரியர்.

இவர்களுடைய பாட்டு எங்கிருந்து வந்தது என்பது தெரிந்தால்தான் பின்னால் வரும் சிக்கல் புரியும். 1860 நவம்பர் 16 அன்று ட்ரூரோ என்ற கப்பல் மதராஸிலிருந்து 342 பேரை ஏற்றிக்கொண்டு டர்பன் துறைமுகத்துக்கு வந்தது. 1911 வரை இப்படி ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்கள் 1,52,000க்கும் மேல். பெரும்பகுதியினர் மதராஸ் துறைமுகம் வழியாக வந்தவர்கள். அவர்களில் வடஆர்க்காடு, செங்கல்பட்டு மாவட்டத்துக்காரர்கள் நிறைய. கரும்புத் தோட்டத்துக் குடியிருப்புகளில் காவடியும் தெருக்கூத்தும் அம்மன் கூழும் அவர்களோடு வாழ்ந்தன. பிறகு இனவாரிக் குடியிருப்புச் சட்டத்தின்கீழ் 1960களில் சாட்ஸ்வொர்த் உருவாக்கப்பட்டு, குடும்பங்கள் பெயர்க்கப்பட்டபோது பாட்டும் கூடவே பெயர்ந்துவந்தது. 1996ஆம் ஆண்டு அரசியலமைப்பில் மதிக்கப்பட வேண்டிய மொழிகளின் வரிசையில் தமிழின் பெயரும் இருக்கிறது. ஆனால் வீட்டில் பேசும் மொழி ஆங்கிலமாகிவிட்டது. குழுவின் பாட்டு நோட்டுகளில் இருப்பது ஆங்கில எழுத்தில் எழுதிய தமிழ். ஒரு பாட்டி மகளுக்குச் சொல்லி, மகள் பேத்திக்குச் சொல்லி, கேட்டபடி எழுதிக்கொண்டது.

குழு என்னிடம் கேட்டது ஒரே வாக்கியம். "தம்பி, நம் பிள்ளைகள் கேட்டுக் கற்றுக்கொள்ளவும், பழக்க நாளில் மேளக்காரர் வர முடியாதபோது போட்டு ஆடவும் ஒரு பதிவு வேண்டும்" என்றார் முன்பாட்டு அம்மா. இதில் இரண்டு வேலைகள் இருக்கின்றன. கற்றுக்கொள்வதற்குச் சொல் தெளிவாக வேண்டும். ஆடுவதற்குக் காலம் உயிரோடு வேண்டும். நான் இரண்டையும் ஒன்றாக நினைத்துவிட்டேன். என் தவறு அங்கே தொடங்கியது.

ஸ்டுடியோவில் ஏழு நாள்

பல்தடப் பதிவு என்பதன் ஆதார எண்ணம் எளியது. ஒவ்வொரு ஒலிக்கும் தனித்தனித் தடம். முன்பே பதிந்ததைக் காதில் கேட்டுக்கொண்டே அடுத்தவர் தன் பங்கைப் பாடுவார் அல்லது வாசிப்பார். ஒலிப்பதிவு தொடங்கியதிலிருந்து பல பத்தாண்டுகளுக்கு எல்லாரும் ஒரே அறையில் கூடி வாசிப்பதுதான் வழக்கமாக இருந்தது. பாடகருக்கும் வாத்தியத்துக்கும் இடையிலான அளவை, அவர்கள் நிற்கும் தூரம்தான் தீர்மானித்தது. 1957இல் ஆம்பெக்ஸ் நிறுவனம் கிட்டார் கலைஞர் லெஸ் பாலுக்கு எட்டுத் தட டேப் கருவியைக் கொடுத்தது. அதன் சிறப்பு எட்டு என்ற எண்ணிக்கையில் மட்டும் இல்லை. டேப் கருவியில் பதியும் தலை முன்னும் ஒலிக்கும் தலை பின்னுமாக இருக்கும். ஆகவே பழைய தடத்தை ஒலிக்கும் தலையில் கேட்டுக்கொண்டு புதியதைப் பதிந்தால், புதியது நாடாவில் பின்தங்கி விழும். பதியும் தலையிலேயே பழைய தடத்தைக் கேட்கவைத்ததால் இரண்டும் ஒரே நேரத்தில் பொருந்தின. இன்று கணினியில் நூறு தடம் வைத்துக்கொள்ளலாம். ஆனால் "முன்னால் நடந்ததோடு பொருந்து" என்ற கட்டளை மாறவில்லை. முன்னால் பாடியவர் பின்னால் வருபவரைக் கேட்கவே முடியாது. எங்கள் பாட்டை முடக்கியது இந்த ஒருவழிப் பாதைதான். அது அப்போது எனக்குத் தெரியவில்லை.

ஒவ்வொருவராகப் பதிய வேண்டுமானால் எல்லாரும் சார்ந்து நிற்க ஒரு கம்பம் வேண்டும். அதற்காகக் காதில் மட்டும் கேட்கும் கிளிக் என்ற சீரான தாளத் தட்டை வைத்தோம், நிமிடத்துக்கு 92. காவடிச்சிந்து மெட்டு, மும்மூன்றாக எண்ணும் திச்ர நடை. முதலில் கீபோர்டு, அதன்மேல் ஆர்மோனியம். அங்கேயே முதல் முட்டுக்கட்டை. குழுவின் ஆர்மோனியம் பழையது, மூன்று தலைமுறை கண்டது. அதன் நாக்குகள் ஏறத்தாழ 20 சென்ட் ஏறி நிற்கின்றன, அதாவது அரைச்சுரத்தில் ஐந்தில் ஒரு பங்கு. கேட்பதற்கு அற்பம்போல் இருக்கும். ஆனால் நொடிக்கு 440 அதிர்வு என்ற பொதுச் சுருதிக்கு வைத்த கீபோர்டோடு சேரும்போது நொடிக்கு ஐந்து முறை ஒலி அலைபாயும். கோயிலில் இந்தச் சிக்கல் வந்ததே இல்லை. அங்கே எல்லாரும் ஆர்மோனியத்தோடு ஒத்துப்போவார்கள். நாகஸ்வரக்காரர் ஊதும் முனையான சீவாளியை உதட்டில் சற்று இறுக்கினாலே சுருதி சேர்ந்துவிடும். ஸ்டுடியோவில் கீபோர்டு முதலில் பதிந்துவிட்டதால் ஆர்மோனியம் வெளியே போனது. கணினியில் இருந்த வேறொரு ஆர்மோனிய ஒலியை வைத்துக்கொண்டோம். ஆர்மோனியக்காரர் ஒன்றும் சொல்லாமல் பெட்டியை மூடித் துணியைப் போர்த்தினார். அந்தக் கையசைவு எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. கீபோர்டை 20 சென்ட் ஏற்றியிருந்தால் போதும். ஒரு பொத்தான் வேலை. அப்போது தோன்றவில்லை.

அடுத்து தவில். மார்ச் மாதம், டர்பனின் புழுக்கம். வெளியிலிருந்து வந்த தவிலின் தோல் ஈரம் குடித்துத் தளர்ந்திருந்தது. ஸ்டுடியோவில் குளிர்சாதனம் ஓடிக்கொண்டிருந்தது. காற்று காய்ந்ததால் தோல் மெல்ல மெல்ல இறுகி, பகல் பதினொரு மணிக்கு இருந்த வலந்தலையின் சுருதி மூன்று மணிக்கு ஏறிவிட்டது. காலையில் வாசித்த சரணத்தையும் மாலையில் வாசித்த சரணத்தையும் ஒட்டவைக்க முயன்றபோது, ஒரே பாட்டுக்குள் இரண்டு தவில்கள் வாசிப்பதுபோல் கேட்டது. நடுவே போல்ட்டைத் தளர்த்தி இறுக்கிச் சரிசெய்தார்கள். வலந்தலைக்கு ஒன்று, தொப்பிக்கு ஒன்று என இரண்டு மைக் வைத்திருந்தோம். ஒரு பக்கத் தோல் உள்ளே போகும்போது மறுபக்கத் தோல் வெளியே வருவதால் இரண்டு மைக்கும் எதிரெதிரான அலையைப் பிடிக்கும். ஒன்றைக் கவிழ்த்துப் போடாவிட்டால் கனமே போய்விடும். இதெல்லாம் தெரிந்த வேலை, செய்தோம். நடுநடுவே மின்வெட்டு. அந்த ஆண்டு தென்னாப்பிரிக்காவில் மின்வெட்டு உச்சத்தில் இருந்தது. இரண்டு மணி நேரம் இருட்டில் உட்கார்ந்து மீண்டும் தொடங்கினால் கை சூடு ஆறியிருக்கும்.

கடைசியாக முன்பாட்டு அம்மா. கண்ணாடிக்கு அப்பால் ஒரு சிறு அறை, தலையில் ஹெட்போன், முன்னால் நோட்டு. முதல் நாள் அவர் குரல் அடிக்கடி தடுமாறியது. காரணத்தைப் பிறகுதான் கண்டுபிடித்தோம். கணினி ஒலியை நுண்ணிய மாதிரிகளாக வெட்டி எடுக்கும்; அது 1024 மாதிரிகளைச் சேர்த்துவைத்து ஒரு கட்டாக அனுப்பும்படி அமைக்கப்பட்டிருந்தது. நொடிக்கு 44,100 மாதிரி என்றால் ஒரு கட்டுக்கு 23 மில்லி விநாடி. உள்ளே வரவும் வெளியே போகவும் சேர்த்து 46. தன் குரலையே பதினாறு மீட்டர் தள்ளி நிற்கும் ஒருவர் பாடுவதுபோல் அவர் கேட்டுக்கொண்டிருந்தார். கட்டை 128ஆகக் குறைத்ததும் அந்தத் தொல்லை தீர்ந்தது. ஆனால் குரல் பெரிதாகவில்லை. கோயிலில் தூண்வரை எட்டும் குரல் இங்கே உள்ளங்கைக்குள் அடங்கிவிட்டது.

"அம்மா, சத்தமாகப் பாடலாம், பயப்பட வேண்டாம்" என்றேன்.

"பயம் இல்லை தம்பி. நான் 'வேல் வேல்' என்றால் பதில் சொல்ல யாரும் இல்லையே. யாரிடம் பாடுவது?" என்றார்.

பின்பாட்டுக்காரர்கள் மறுநாள்தான் வருவார்கள் என்று விளக்கினேன். அவர் தலையாட்டிவிட்டுப் பாடி முடித்தார். வரிக்கு வரி நிறுத்தி, உச்சரிப்பைத் திருத்தித் திருத்தி எடுத்தோம். அந்த வகையில் அது அருமையான பதிவு. ள, ழ, ண எல்லாம் துல்லியமாக வந்தன.

கால் ஏன் நின்றது

முற்றத்தில் ஆட்டம் நின்ற அன்று இரவு, கோயிலில் சென்ற ஆண்டு யாரோ கைபேசியில் எடுத்த காணொளியையும் எங்கள் பதிவையும் மாற்றி மாற்றிக் கேட்டேன். கைபேசி ஒலி கரகரவென்று இருந்தது. ஆனால் அதைக் கேட்கும்போது என் முழங்கால் தானாக அசைந்தது.

தட்டி எண்ணிப் பார்த்தேன். கோயில் பாட்டு நிமிடத்துக்கு 86 வாக்கில் தொடங்கி, கடைசிச் சரணத்தில் 110ஐத் தாண்டியது. ஒரே சீராக ஏறவும் இல்லை. ஒவ்வொரு சரணத்தின் முடிவிலும் சற்று இறங்கி, அடுத்ததில் கூடுதலாக ஏறுகிறது, மூச்சு வாங்கிக்கொண்டு மலை ஏறுகிறவர்போல. தவில்காரரிடம் கேட்டபோது அவர் உடனே சொன்னார்: "நான் காவடிக்காரன் காலைப் பார்த்து வாசிக்கிறேன். அவன் சுற்ற ஆரம்பித்தால் தள்ளுவேன். தள்ளாடினால் பிடித்து நிறுத்துவேன்."

இதைவிட முக்கியமான இடம் ஒன்று இருந்தது. முன்பாட்டு அம்மா "வெற்றிவேல் முருகனுக்கு" என்று எடுத்துக்கொடுத்ததும் கூட்டம் "அரோகரா" என்கிறது. அந்தக் கூவல் சில சமயம் ஒரு நொடியில் அடங்கும், சில சமயம் மூன்று நொடி நீளும். தவில் அதுவரை உருட்டிக்கொண்டே காத்திருக்கும். கூவல் தணிந்து, அம்மா மூச்சை இழுக்கும் அந்தக் கணத்தில் தீர்மானம் என்ற முடிப்பு அடி விழும். அந்தக் காத்திருப்புக்கு எந்தக் கணக்கும் கிடையாது. எங்கள் ஸ்டுடியோப் பதிவில் அதற்கு இரண்டு ஆவர்த்தனம், அதாவது இரண்டு தாளச் சுற்று, ஒதுக்கியிருந்தோம். எப்போதும் இரண்டு, கூடவும் இல்லை, குறையவும் இல்லை. காவடிக்காரர் சுழன்று நிலைக்கு வருமுன்பே அடுத்த வரி தொடங்கிவிட்டது. இரண்டு முறை அப்படி நடந்ததும் உடம்பு நம்பிக்கை இழந்துவிடுகிறது.

கிளிக்கைக் குற்றம் சொல்ல மாட்டேன். கிளிக்கையே சரணத்துக்குச் சரணம் ஏறும்படி வரைந்துகொடுக்கலாம், பலர் அப்படிச் செய்கிறார்கள். ஆனால் முன்கூட்டியே வரைந்த ஏற்றம் யாருக்கும் பதில் சொல்வதில்லை. காவடிப் பாட்டில் காலத்தைத் தீர்மானிப்பது ஒரு ஆள் அல்ல. காலும் தவிலும் முன்குரலும் கூவலும் ஒன்றையொன்று கேட்டு அந்தக் கணத்தில் செய்துகொள்வது அது. ஒருவர் பதிந்துவிட்டுப் போன பிறகு அவரால் யாரையும் கேட்க முடியாது.

கோயில் கூடத்தில் இரண்டு நாள்

ஜூலை முதல் வாரத்தைத் தேர்ந்தெடுத்தோம். குளிர்காலம், காற்றில் ஈரம் குறைவு, தவிலின் தோல் நாள் முழுக்க ஒரே நிலையில் நிற்கும். பள்ளி விடுமுறை, பிள்ளைகள் கூட்டத்துக்கு வரலாம். ஆடி பிறந்துவிட்டால் கூழ் பூசைகள் தொடங்கிக் கூடம் கிடைக்காது. மின்வெட்டுக்காக மடிக்கணினியையும் எட்டு மைக் செருகும் ஒலிப்பதிவுப் பெட்டியையும் பேட்டரியில் ஓட்டினோம்.

கூடம் பதினெட்டு மீட்டர் நீளம், பத்து மீட்டர் அகலம், சிமெண்டுத் தரை, தகரக் கூரை. கைதட்டினால் சத்தம் சுவருக்குச் சுவர் ஓடித் திரும்பும். முதல் நாள் முற்பகல் முழுவதும் ஒரு சுரம்கூடப் பதியவில்லை. ஜமுக்காளம் விரித்தோம். வீடு வீடாகக் கம்பளிப் போர்வை கேட்டு வாங்கிக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டோம். பிறகு மனிதர்களை நகர்த்தினோம். அந்த மூன்று மணி நேரம்தான் மொத்தப் பதிவின் தரத்தையும் தீர்மானித்தது என்று உறுதியாகச் சொல்வேன்.

நேரடிப் பதிவின் பெரிய சிக்கல் கசிவு. ஒருவருக்கு வைத்த மைக்கில் இன்னொருவர் ஒலி வந்து விழும். ஒலி ஒரு மீட்டர் கடக்க ஏறக்குறைய 3 மில்லி விநாடி ஆகும். நான்கு மீட்டர் தள்ளியிருக்கும் தவில், தன் மைக்குக்கு உடனேயும் பாடகர் மைக்குக்கு 12 மில்லி விநாடி கழித்தும் போய்ச் சேரும். இரண்டையும் கலக்கும்போது சில அதிர்வெண்கள் ஒன்றையொன்று அழித்து, தவில் குழாய்க்குள்ளிருந்து வருவதுபோல் ஒலிக்கும். இதற்குப் பழைய கைக்கணக்கு ஒன்று உண்டு: மைக்குக்கும் அதன் ஆளுக்கும் உள்ள தூரத்தைப்போல் குறைந்தது மூன்று மடங்கு தூரத்தில் அடுத்த மைக் இருக்க வேண்டும். அந்தக் கணக்கின்படி பின்பாட்டுக்காரர்களை நெருக்கி, இரண்டு மைக்குக்கு ஐந்து பேராக நிறுத்தினோம்.

நாகஸ்வரம் யாருக்கும் அடங்கவில்லை. அதன் கீச்சான ஒலிகள், அடியில் விரிந்த வாயான அணைசு பார்க்கும் திசையில் பாய்கின்றன. முதல் முயற்சியில் அது முன்பாட்டு அம்மாவின் மைக்கில் அவருடைய குரலுக்குச் சமமாக விழுந்தது. வாத்தியத்தை மெதுவாக ஊதச் சொல்ல முடியாது. அப்படிச் செய்தால் சுருதி இறங்கும், நாதமும் மெலியும். நாகஸ்வரக்காரரைக் கூடத்தின் பின்கதவருகே நிறுத்தி, திறந்த கதவு வழியாக அணைசு வெளி முற்றத்தைப் பார்க்கும்படி திரும்பி நிற்கச் சொன்னோம். பாதி நாதம் வெளியே போயிற்று. மீதி கூடத்தில் நிறைந்தது. அக்கம்பக்கத்து வீட்டார் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார்கள்.

நடுவில் இரண்டரை மீட்டர் உயரத்தில் இரண்டு மைக்குகளை 17 சென்டிமீட்டர் இடைவெளியில் 110 பாகை விரித்து வைத்தோம். நம் இரண்டு காதுகள் கேட்பதற்கு நெருக்கமான அமைப்பு இது. பதிவின் முதுகெலும்பு இந்த இரண்டும்தான். முன்பாட்டு அம்மாவை ஐந்து மீட்டர் தள்ளி, மூன்று பக்கமும் கம்பளி தொங்க, தவில்காரரின் முகத்தைப் பார்க்கும்படி உட்காரவைத்தோம். அவருடைய மைக் ஒரு பக்கம் மட்டுமே கேட்கும் வகை. அதன் முதுகு தவிலைப் பார்த்தது. ஹெட்போன் யாருக்கும் இல்லை. கிளிக் இல்லை. ஆர்மோனியம் திரும்பி வந்தது. கீபோர்டை அதன் சுருதிக்கு ஏற்றிக்கொண்டோம். சென்ற முறை செய்யாத அந்த ஒரு பொத்தான் வேலை.

கடைசியாக ஒன்று செய்தோம். நடு ஜமுக்காளத்தில் இரண்டு காவடிக்காரர்களை வெறுங்காலோடு ஆடவைத்தோம். அவர்களுடைய காலடி மைக்கில் விழும் என்று தெரியும். விழட்டும் என்று முடிவெடுத்தோம். தவில் பார்ப்பதற்கு ஒரு கால் வேண்டும்.

முதல் நாள் மூன்று முறை எடுத்தோம். ஒன்று, ஹடீடா என்ற அரிவாள்மூக்கன் பறவைகள் கூட்டமாகக் கத்திக்கொண்டு கூரைக்கு மேல் பறந்ததால் வீணாயிற்று. இன்னொன்றில் குரங்குகள் தகரத்தின்மேல் ஓடின. மூன்றாவது நன்றாக வந்தது. ஆனால் நான்காம் சரணத்தில் உடுக்கை ஒரு தட்டுத் தவறியது. நேரடிப் பதிவில் ஒருவர் தவறினால் பன்னிரண்டு பேரும் மறுபடி பாட வேண்டும். அந்தப் பாரம் உண்மையானது. மாலையில் எல்லாருக்கும் குரல் கட்டியிருந்தது. உடுக்கை வாசித்த பையன் முகத்தைத் தூக்கவே இல்லை. மூத்த தவில்காரர் அவன் தோளில் கைபோட்டு வெளியே அழைத்துப்போய்த் தேநீர் வாங்கிக்கொடுத்தார்.

மறுநாள் இரண்டாம் முறையிலேயே கிடைத்துவிட்டது. பதினொரு நிமிடம். "அரோகரா" ஐந்து இடத்தில் வருகிறது. ஐந்தும் ஐந்து நீளம். கடைசிக் கூவலில் சமையலறையிலிருந்த பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். தவில் உருட்டிக்கொண்டே நிற்கிறது, நிற்கிறது, பிறகு அம்மா மூச்சிழுப்பது கேட்கிறது, தவில் விழுகிறது. அந்த இடத்தில் நான் கருவியைப் பார்ப்பதை விட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தேன்.

சொல்லைத் திருத்துவது

நேரடிப் பதிவில் காலம் சரியாக வந்தது. சொல் சரியாக வரவில்லை. பதினோரு இடத்தில் சொற்கள் சிதைந்திருந்தன. சில ஓட்டத்தில் விழுங்கப்பட்டவை, சில நோட்டில் இருந்த ஆங்கில எழுத்தால் திரிந்தவை. கற்றுக்கொள்ளும் பிள்ளைகள் அதை அப்படியே பிடித்துக்கொள்வார்கள். இங்கே அதைச் சரிசெய்ய வீட்டில் வேறு தமிழ் இல்லை. தமிழ்நாட்டில் ஒரு பாடகர் ஒரு சொல்லைத் தவறாகப் பாடினால் கேட்பவர் மனத்துக்குள் திருத்திக்கொள்வார். சாட்ஸ்வொர்த்தில் பதிவுதான் அகராதி. ஆகவே சொல்லைத் திருத்துவது இங்கே மெருகு வேலை அல்ல, அத்தியாவசியம்.

ஆனால் நேரடிப் பதிவில் ஒரு சொல்லை மாற்றுவது லேசில்லை. முன்பாட்டு அம்மாவின் மைக்கில் புதிய சொல்லை வைத்தாலும், பழைய சொல் பின்பாட்டு மைக்குகளிலும் நடுமைக்குகளிலும் கசிந்து உட்கார்ந்திருக்கும். புதியதன் பின்னால் பழையது ஆவிபோல் கேட்கும். வேறொரு முயற்சியிலிருந்து முழுச் சரணத்தை வெட்டி ஒட்டலாம் என்றால், இரண்டு முயற்சிகளின் ஓட்டமும் வேறு. ஒட்டிய இடத்தில் ஆட்டம் இடறும். கம்பளி மறைப்பும் ஐந்து மீட்டர் தூரமும் இங்கேதான் கைகொடுத்தன. கசிவு குறைவாக இருந்ததால், அதே கூடத்தில், அதே இடத்தில் உட்கார்ந்து, பின்பாட்டு ஐந்து பேரும் சுற்றி நிற்க, அந்தச் சொற்களை மட்டும் அம்மா மறுபடி பாடினார். அப்போது மட்டும் ஒரு காதில் சிறு இயர்போன் வைத்துக்கொண்டார். இந்த முறை அவர் குரல் சுருங்கவில்லை. எதிரே முகங்கள் இருந்தன.

ஒரு சொல்லில் வாக்குவாதம் வந்தது. மூன்றாம் சரணத்தில் வரும் 'பழம்' என்பதை அவர் 'பயம்' என்று பாடுகிறார். ஞாயிறு வகுப்பு நடத்தும் தமிழாசிரியை, "அக்கா, முருகனிடம் பழத்தைக் கேட்கிறோம். நீங்கள் பயத்தைக் கேட்கிறீர்கள்" என்றார். அம்மா, "என் பாட்டி அப்படித்தான் பாடினார்" என்றார். இருவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. வடஆர்க்காட்டுப் பக்கம் ழகரம் யகரமாவது பேச்சு வழக்கு. அந்தப் பாட்டி தோட்டக் குடியிருப்பில் கேட்டு வளர்ந்த தமிழ் அதுவாகத்தான் இருக்க வேண்டும். நான் அதைப் பிழை என்று சொல்லவில்லை. கப்பலேறி வந்த ஒலி அது என்றேன். அம்மா சற்று நேரம் நோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "பிள்ளைகள் பழம் என்றே படிக்கட்டும் தம்பி. எனக்குப் பாட்டி சொன்னது எனக்கு இருக்கும்" என்றார். பாடிக்கொடுத்தார். அவர் கேட்டுக்கொண்டதால் மாற்றினோம். அவர் மறுத்திருந்தால் நான் மாற்றியிருக்க மாட்டேன்.

பதினோரு இடங்களில் ஏழு சுத்தமாகப் பொருந்தின. மூன்றில் ஆவி பலமாகக் கேட்டதால் பழையதையே வைத்துக்கொண்டோம். மிச்சம் ஒன்று, இந்தப் 'பழம்'.

ஸ்டுடியோப் பதிவு என்ன ஆயிற்று

அதைத் தூக்கி எறியவில்லை. ஏழு நாள் உழைப்பு வீண் என்று முதலில் நினைத்தேன், அது தவறு. தடங்கள் தனித்தனியாக இருந்ததால் தவிலையும் நாகஸ்வரத்தையும் அணைத்துவிட்டு, முன்குரலையும் ஆர்மோனியத்தையும் மட்டும் வைத்து ஒரு பாடப் பதிவு செய்தோம். பழைய ஆர்மோனியக்காரரே புதிதாக வாசித்துக்கொடுத்தார். குரலை 20 சென்ட் ஏற்றி அவருடைய சுருதிக்குக் கொண்டுவந்தோம். ஒவ்வொரு வரிக்கும் பின்னால் பிள்ளைகள் திருப்பிச் சொல்ல இடம் விட்டிருக்கிறது. அதற்கு அந்த மாறாத 92 சரியாகப் பொருந்தியது. கற்கிறவனுக்குக் காலம் அசையாமல் நிற்பது உதவி. வரிக்கு வரி நிறுத்தி எடுத்த உச்சரிப்பு அங்கேதான் தன் பயனைக் காட்டியது. நேரடிப் பதிவிலிருந்து இதை ஒருநாளும் செய்திருக்க முடியாது. அதில் தவிலை அணைத்தாலும் தவில் எல்லா மைக்கிலும் இருக்கும்.

இதே வேலையை மறுபடி தொடங்கினால் வரிசையை மாற்றுவேன். கோயில் கூடத்துப் பதிவை முதலில் எடுப்பேன், அதற்கு முன் இரண்டு வாரம் நோட்டை வைத்துக்கொண்டு சொற்களை ஆசிரியையோடு உட்கார்ந்து திருத்துவேன். பதினோரு பிழைகளில் பாதிக்கு மேல் மைக் வருமுன்பே தீர்ந்திருக்கும். ஸ்டுடியோவுக்கு முன்பாட்டு அம்மாவை மட்டும் அழைத்துப்போவேன், தனியாக அல்ல, பின்பாட்டுக்காரர் ஒருவரைக் கூடவே அந்தக் கண்ணாடி அறைக்குள் உட்காரவைப்பேன். கசியும் குரலைப் பற்றிக் கவலைப்பட மாட்டேன். கூட்டமாகக் கேட்டுக் கேட்டு வாசிக்கும் இசையை ஆள் ஆளாகப் பிரித்து எடுக்க இனி ஒப்புக்கொள்ள மாட்டேன், எத்தனை நல்ல ஸ்டுடியோ கிடைத்தாலும். ஒரு தனிப்பாடகரின் மெல்லிசைக்கோ, கணினி வாத்தியங்களை வைத்துக் கட்டும் பாட்டுக்கோ இது பொருந்தாது. அங்கே அடுக்குவதுதான் ஆக்கமே.

2024 தைப்பூசம் ஜனவரி 25 அன்று வந்தது. கொடியேற்றியதிலிருந்து பழக்க நாட்களில் கூடப் பதிவைப் போட்டார்கள். மேளக்காரர் வர முடியாத இரண்டு மாலைகளிலும் ஆட்டம் நிற்கவில்லை. காவடி நாளன்று பதிவுக்கு வேலை இல்லை, குழுவே நேரில் வாசித்தது. பாடப் பதிவு ஞாயிறு வகுப்பில் ஓடுகிறது. ஆர்மோனியம் இன்னும் 20 சென்ட் ஏறித்தான் இருக்கிறது. யாரும் அதைத் தொடவில்லை.

கூடப் பதிவை ஹெட்போன் வைத்துக் கேட்டால், மூன்றாம் சரணத்தில், பின்பாட்டுக்கு அடியில், 'பழம்' என்ற சொல்லின் கூடவே 'பயம்' மெல்லியதாகக் கேட்கும். நடுமைக்கில் விழுந்தது அது. நீக்க வேண்டுமானால் அந்தக் கூவலையும் சேர்த்து நீக்க வேண்டியிருந்தது. விட்டுவிட்டேன். அம்மாவிடம் அந்த இடத்தைப் போட்டுக் காட்டினேன். அவர் கண்ணை மூடி, இன்னொரு முறை போடச் சொன்னார்.